ரெஸ்ட்ராட்டா நானோ இழைத் தாள்: தாள் சரி, புண் தயாரா?

உறையைப் பிரித்தால் உள்ளே ஒரு வெள்ளைத் துண்டு. ஆறாத புண்ணின் மேல் வைக்கும், தானே கரையும் செயற்கைத் தாள். தூக்கினால் எடையே தெரியாது. முதன்முறை பார்ப்பவருக்கு ‘இதற்கா இத்தனை காசு?’ என்றுதான் தோன்றும். சலைன் என்ற மருத்துவ உப்புநீரில் நனைத்ததும் விறைப்பு போய்த் துவள்கிறது, குழிந்த புண்ணில் வைத்தால் அடியோடு படிகிறது. தையலோ ஸ்டேப்ளரோ போட்டால் தாங்குகிறது. கொலாஜன் என்ற புரதத்தால் ஆன தாள்களில் சில நனைந்தவுடன் கூழாகி விரலோடு வந்துவிடும். அந்தத் தொல்லை இதில் இல்லை.

செய்வது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தொடங்கிய ஏசெரா சர்ஜிகல். அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது 2017-ல், 510(கே) வழியில். சர்க்கரை நோய்க் கால் புண், வெரிகோஸ் புண், படுக்கைப் புண், தையல் பிரிந்த அறுவைப் புண், தோல் எடுத்த இடம், ஆழமில்லாத தீப்புண் என்று பட்டியல் நீளம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 510(கே) அனுமதி என்றால் ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் ஒரு பொருளுக்கு இணையானது என்று காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மற்றதைவிட மேலானது என்று நிரூபித்ததாக ஆகாது. விற்பனைப் பிரதிநிதி ‘எஃப்டிஏ கிளியர்டு’ என்று சொல்லும்போது காதில் விழ வேண்டியது அவ்வளவுதான்.

பொருள் புதிதல்ல, வடிவம்தான் புதிது. பாலிகிளாக்டின் 910, பாலிடையாக்ஸனோன் என்ற இரண்டு பாலிமர்கள். அறுவை அரங்கில் விக்ரில், பிடிஎஸ் என்று அன்றாடம் கேட்கும் கரையும் தையல் நூல்களின் மூலப்பொருள் இவையே. முதலாவதில் கிளைகோலைடு 90 பங்கு, லாக்டைடு 10 பங்கு. விக்ரில் நூல் உடலுக்குள் 56 முதல் 70 நாளில் கரையும், பிடிஎஸ் ஆறு மாதம் தாண்டியும் இழுக்கும். அதே பாலிமரைக் கரைசலாக்கி, ஊசிமுனை வழியே விட்டு, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் துளி கூம்பாக நீண்டு இழையாகப் பீய்ச்சும். கரைப்பான் காற்றிலேயே ஆவியாகி, எதிரே உள்ள தகட்டில் இழை மேல் இழையாகப் படியும். எலக்ட்ரோஸ்பின்னிங் என்பது இதுதான். ஃபார்ம்ஹால்ஸ் 1934-ல் காப்புரிமை வாங்கிய பழைய வித்தை. இழை இவ்வளவு மெல்லியதாகிவிட்டால் நீர் எல்லாப் பக்கமும் தொடுகிறது. ஆகவே தையல் நூலின் நாள்கணக்கை அப்படியே இந்தத் தாளுக்குப் பொருத்தக் கூடாது. கசியும் புண்ணில் ஒரு வாரத்திலேயே தாள் மெலிந்து உருத் தெரியாமல் போகலாம். அது பழுதல்ல.

ஏன் இரண்டு பாலிமர்? கிளைகோலைடு, லாக்டைடு கலவை இழைகளை மட்டும் வைத்துப் பாய் நெய்தால், உடல் வெப்பத்தில் நனைந்ததும் சுருங்கும் பழக்கம் உண்டு. சோதனைக்கூடத்தில் இழை நூற்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. பாலிடையாக்ஸனோன் அறை வெப்பத்திலேயே நெகிழ்வானது. அதைக் கலந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம். எப்படியும் வெட்டும்போது புண்ணின் அளவைவிட ஓரத்தில் சற்றுக் கூடுதலாக விட்டு வெட்டுவது நல்லது.

நானோ என்ற சொல்லுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கலாம்? தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் நுண்ணிழைகள் சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர் பருமன். செல்கள் பிடித்து ஏறி நகர்வது அந்த அளவுள்ள கொடிகளில். தாளின் இழைகள் அந்த வலையைப் போலச் செய்யப்பட்டவை என்பது விளம்பரத்தின் மைய வாதம், அதில் தவறில்லை. ஆனால் தாளில் வளர்ச்சிக் காரணிகள் இல்லை, உயிர்ச் செல் இல்லை, கிருமிநாசினி இல்லை. வெறும் சாரம். சாரம் கட்டினால் வீடு தானாக எழும்பாது. கொத்தனார் வேலையைப் புண்ணில் ஓடும் இரத்தம்தான் செய்ய வேண்டும்.

அதனால் உறையைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை அதிகம். சாதாரண முறையில் நான்கு வாரம் ஒழுங்காகப் பார்த்தும் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால்தான் இந்த வகைப் பொருளைப் பற்றி யோசிக்க வேண்டும். குறைந்துகொண்டிருக்கும் புண்ணுக்கு இது வீண் செலவு. அடுத்து இரத்த ஓட்டம். சர்க்கரை நோயாளிக்குக் கணுக்கால் அழுத்தத்தை மட்டும் அளந்து திருப்தி அடையக் கூடாது. தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் பட்டையை இறுக்கினாலும் குழாய் அமுங்காது, கணுக்கால் அழுத்தத்துக்கும் கை அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் 1.3-க்கு மேல் பொய்யாக உயர்ந்து காட்டும். கால் பெருவிரலில் அழுத்தம் 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே என்றால் முதலில் இரத்தக்குழாய் மருத்துவர், அப்புறம்தான் தாள். மழுங்கிய உலோகக் குச்சியை மெதுவாக விட்டால் எலும்பில் ‘டக்’கென்று தட்டுகிறதா? அப்படியானால் எலும்புச் சீழ் இருக்கிறதா என்று பார்த்து முடிக்காமல் மேலே எதையும் மூடக் கூடாது. சீழ், நாற்றம், சுற்றிலும் சிவந்து சூடான தோல் இருந்தால் இந்தத் தாள் வேண்டவே வேண்டாம். தையல் நூல் பாலிமர்களுக்கு ஒவ்வாமை என்று முன்பே தெரிந்தவர்களுக்கும் வேண்டாம்.

வைக்கும் முறையில் பெரிய வித்தை இல்லை, ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. புண்ணின் அடியில் உள்ள ஸ்லஃப் எனும் வழுவழுப்பான மஞ்சள் படலம், செத்த சதை, ஓரத்துக் காய்ப்பு எல்லாவற்றையும் ஸ்கால்பெல் கத்தியால் சுரண்டி, புள்ளி புள்ளியாக இரத்தம் கசியும் சதை வரை போக வேண்டும். பிறகு அந்தக் கசிவு நிற்கும் வரை காஸ் துணியை வைத்து அழுத்திக் காத்திருக்க வேண்டும். பலரும் அவசரப்படுவது இங்கேதான். தாளுக்கு அடியில் இரத்தம் திரண்டால் அது தாளைத் தூக்கிவிடும். சதையைத் தொடாத சாரத்தில் செல் ஏறாது. நான்காம் நாள் பிரித்துப் பார்த்தால் கருஞ்சிவப்புக் கட்டியின் மேல் தாள் மிதந்துகொண்டிருக்கும். அதன் மேல் ‘பொருள் வேலை செய்யவில்லை’ என்ற தீர்ப்பும் வந்துவிடும்.

புண்ணை சலைனால் கழுவுங்கள். வெட்டுவதைத் தாள் உலர்ந்திருக்கும்போதே முடித்துவிடுங்கள், ஓரம் நேராக வரும். பிறகு அறை வெப்ப சலைனில் நனைத்து, துவண்டதும் வையுங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஈரக் காஸால் நீவினால் காற்றுக் குமிழ் வெளியேறும். கசிவு அதிகமுள்ள புண் என்றால் துளையிட்ட தாள் நல்லது. இல்லையென்றால் ஸ்கால்பெல் முனையால் சிறு கீறல்கள் போடலாம். அடியில் நீர் தேங்கினால் இரத்தக்கட்டி செய்யும் அதே வேலையை அதுவும் செய்யும். ஓரங்களைத் தையல், ஸ்டேப்ளர், ஸ்டெரி ஸ்ட்ரிப் என்ற ஒட்டுப்பட்டை எதனாலும் பிடிக்கலாம். பாதத்தின் அடியில் ஸ்டெரி ஸ்ட்ரிப் மட்டும் போதாது, வியர்வையிலும் உரசலிலும் கழன்றுவிடும்.

மேலே ஒட்டாத வலை ஒன்று கட்டாயம். மெபிடெல் போன்ற சிலிகான் வலையோ வாஸலின் காஸோ இருக்கலாம். இந்த அடுக்கை மறந்து நேராகக் காஸை வைத்தால், அடுத்த டிரெஸ்ஸிங்கில் காஸோடு தாளும், தாளோடு புதுச் சதையும் உரிந்து வரும். வலைக்கு மேல் கசிவுக்கு ஏற்ப ஃபோம், அதாவது உறிஞ்சும் பஞ்சுக் கட்டு. புண் வறண்டதாக இருந்தால் ஈரம் காக்கக் கொஞ்சம் ஹைட்ரோஜெல். காய்ந்த தாள் அட்டையாக விறைத்து ஓரத்திலிருந்து எழும்பும்.

இனி வரும் நாள்களில் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. வெளி ஃபோமைக் கசிவுக்குத் தக்கபடி மாற்றலாம், வலையை ஐந்து முதல் ஏழு நாள் வரை தொட வேண்டாம். தாள் கரையும்போது மங்கிய வெள்ளையாக, வழுவழுவென்று, துண்டு துண்டாகத் தெரியும். பார்ப்பதற்கு அச்சு அசல் ஸ்லஃப். வார்டு மாறி வந்த நர்ஸ், அல்லது வீட்டுக்கு வந்து கட்டு மாற்றுபவர், கடமை உணர்ச்சியோடு அதைச் சுரண்டி எடுத்து, பெட்டாடின் ஊற்றிக் கழுவிப் பளிச்சென்று ஆக்கிவிடுவார். இந்தப் பொருளுக்கு நேரும் சேதங்களில் முதலிடம் இதற்குத்தான். அடையாளம் காண வழி உண்டு. கரையும் தாளுக்கு நாற்றம் இல்லை, சுற்றுத் தோல் சிவப்பதில்லை, சலைனைப் பீய்ச்சினால் தளர்ந்தது தானே போய்விடும், ஒட்டியிருப்பது ஒட்டியே இருக்கும். போனதை விடுங்கள், இருப்பதைத் தொடாதீர்கள். ஒரு வாரம் கழித்துத் தாள் மறைந்து அடியில் சிவந்த மணல்மணலான சதை எழும்பியிருந்தால், புண் மூடும் வரை மறுபடி வைக்கலாம். இரண்டு மூன்று முறை வைத்தும் அளவு அசையவில்லை என்றால் நான்காவது தாள் அதிசயம் செய்யாது. இரத்த ஓட்டம், எலும்பு, பாரம் மூன்றையும் முதலிலிருந்து பாருங்கள்.

பாரம் என்றது உடல் எடையை. உணர்ச்சி போன பாதத்தில், முன்பாத எலும்பின் நேர் கீழே உள்ள புண்ணின் மேல் நோயாளி நடந்துகொண்டே இருந்தால் எந்த நானோ இழையும் நசுங்கிப் போகும். காலோடு ஒட்டிய மாவுக்கட்டு, கழற்ற முடியாத பூட்ஸ், குறைந்தபட்சம் எம்சிஆர் என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு, ஏதாவது ஒன்று வேண்டும். வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டுத் தேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1960-களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அந்த முறையும் கூடவே போனது. சர்க்கரை நோய்க் கால்களுக்கு அங்கே அது பரவியது. அந்தக் கட்டின் செலவு தாளின் செலவில் ஒரு சிறு பகுதி. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கட்டுக்குக் கொடுங்கள்.

போட்டியாளர்களோடு வைத்துப் பார்த்தால் இதன் பலம் அலமாரியில் தெரியும். டெர்மாகிராஃப்ட் உயிர்ச் செல் உள்ளது, அதனால் உறைநிலைப் பெட்டி கேட்கும். ஏப்ளிகிராஃப் வந்த சில நாள்களுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். ரெஸ்ட்ராட்டா அறை வெப்பத்தில் கிடக்கும். இன்டெக்ராவில் மாட்டின் கொலாஜனும் சுறாவின் பொருளும் உண்டு, ஓயாசிஸ் பன்றிக் குடலின் அடுக்கு, கெரெசிஸ் மீன் தோல். மாடு, பன்றி வேண்டாம் என்று சொல்லும் நோயாளிகளிடம் இதை முழுக்கச் செயற்கை என்று தயங்காமல் சொல்லலாம். அக்குவாசெல்லோடு மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதுவும் பாலிமர் இழைதான், ஆனால் மைக்ரான் கணக்கில் தடித்த கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் இழை. கசிவை உறிஞ்சி ஜெல்லாகும், கரையாது, எடுத்துப் போட வேண்டும். 1.2% வெள்ளி கலந்த அக்குவாசெல் ஏஜி கிருமிப் பாரத்தைக் குறைக்கும் கட்டத்துக்கு உரியது. முதலில் அது, புண் சுத்தமானபின் தேவைப்பட்டால் இது. இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் காசை நனைத்ததுதான் மிச்சம்.

காசு என்றதும் சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் இது சதுர சென்டிமீட்டர் கணக்கில், ஏ2007 என்ற குறியீட்டில் பில் ஆகிறது. மருத்துவமனை சாராத கிளினிக்குகளில் 2026 ஜனவரி முதல் இந்த வகைத் தோல் மாற்றுகளுக்கெல்லாம் மெடிகேர் என்ற அரசு முதியோர் காப்பீடு ஏறக்குறைய ஒரே விகிதம் வைத்திருக்கிறது, சதுர செ.மீ.க்குச் சுமார் 127 டாலர். 3-க்கு 4 செ.மீ. புண் என்றால் 12 சதுர செ.மீ., ஒரு தடவைக்கு 1,500 டாலரைத் தாண்டும். அதற்கு 5-க்கு 5 துண்டைப் பிரித்தால் 13 சதுர செ.மீ. குப்பைக்குப் போகும். மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. உறை பிரிந்ததும் காற்றின் ஈரமே பாலிமரைச் சிதைக்கத் தொடங்குகிறது. ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் வைத்துக் கிருமி நீக்கலாம் என்றால் 121 டிகிரியில் பாலிடையாக்ஸனோன் உருகி இழைகள் பிசினாகிவிடும். எனவே புண்ணை ஸ்கேல் வைத்து அளந்து, கிடைப்பதில் மிகச் சிறிய அளவைக் கேட்டு வாங்குவது ஒன்றே சிக்கனம்.

ஆய்வுகள் சாதகமாகவே இருக்கின்றன. ஆனால் பலவற்றின் ஆசிரியர் பட்டியலில் நிறுவனத்தாரும் உண்டு, சிலவற்றில் ஒப்பிட எதிர்க்குழுவே கிடையாது. எதிர்க்குழு இல்லாத ஆய்வில் வாரந்தோறும் சுரண்டுவதும் மாவுக்கட்டும் எவ்வளவு ஆற்றின, தாள் எவ்வளவு ஆற்றியது என்று பிரிக்க முடியாது. எங்கள் மதிப்பெண்: கையாளும் சுகத்துக்கு முழு மதிப்பெண், சேமிப்புக்கு முழு மதிப்பெண், விலைக்குப் பாதி. தசைநார் லேசாக வெளித் தெரியும் ஆழமான, சுத்தமான, இரத்தம் ஓடும் புண்ணுக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். மேலோட்டமான புண்ணுக்கு ஃபோமே போதும்.

வாங்கி வைத்தவர்கள் கட்டு முடிந்ததும் வெளி டேப்பின் மேல் மார்க்கரால் தேதியைப் போட்டு, கொட்டை எழுத்தில் இப்படி எழுதிவிடுங்கள்: ‘உள்ளே கரையும் தாள். வெள்ளையாகத் தெரியும். சுரண்டக் கூடாது.’