முதல் வாத்தியம் மிருதங்கமா, கஞ்சிராவா?

கர்நாடக இசையில் கையால் வாசிக்கும் தோற்கருவி ஒன்றைக் கற்க விரும்பி வருபவர், பெரும்பாலும் மிருதங்கம், கஞ்சிரா ஆகிய இரண்டுக்கும் இடையில்தான் தயங்குகிறார். தவிலுக்கு ஒரு கையில் கழியும் மறு கை விரல்களில் கூடும் வேண்டும்; கடம் தோற்கருவியே அன்று; தபேலா இந்துஸ்தானி மரபின் சொற்களோடும் தாளங்களோடும் பிணைந்தது. ஆகவே இந்த இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கஞ்சிரா வட்டச் சட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய கருவி. அது சிறியது, விலை குறைவு, தோள்பையில் வைத்து எடுத்துச் செல்லலாம். எனவே அதில் தொடங்கிப் பிறகு மிருதங்கத்துக்குப் போகலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். இந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை. கருவியின் அளவு சிறியதாக இருப்பதால் அதன் வாசிப்பும் எளிது என்று ஆகிவிடாது. மிருதங்கத்தில் வலந்தலை என்னும் வலப்பக்கத் தோல் முகத்துக்கும் தொப்பி என்னும் இடப்பக்க முகத்துக்கும் இரண்டு கைகள் பங்கிட்டுச் செய்யும் வேலை முழுவதையும், கஞ்சிராவில் ஒரே கை செய்தாக வேண்டும். மற்றொரு கை கருவியைத் தாங்கிக்கொண்டு, விளிம்பருகே தோலை விரல்களால் அழுத்தியும் தளர்த்தியும் நாதத்தை ஏற்றி இறக்குகிறது. முதல் காலம் எனப்படும் மெதுவான வேகத்தில் இதன் சுமை தெரியாது. அதே பாடத்தை அதைப் போல நான்கு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் வாசிக்க முயலும்போதுதான், விரல்களும் உள்ளங்கையும் மாறி மாறி விழ வேண்டிய அந்த ஒற்றைக் கையின் பாடு புரியும்.

இதைவிட முக்கியமான வேறுபாடு நாதத்தில் இருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே கிட்டான் கல்லின் பொடியையும் சோற்றையும் குழைத்து, படலம் படலமாகத் தேய்த்து ஏற்றிய கரணை உண்டு. சாதாரணத் தோல் எழுப்பும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாமல் கலைந்து போகின்றன. கரணையின் எடை அவற்றை ஒழுங்குபடுத்துவதால்தான் மிருதங்கம் சுருதியோடு ஒலிக்கிறது. சர் சி.வி. ராமன் 1920ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஆய்வுக் குறிப்பு வெளியிட்டார். தொடக்க மாணவருக்கு இதனால் கிடைக்கும் நன்மை பெரிது. முதல் பாடமான ‘த தி தொம் நம்’ என்பதில் கடைசிச் சொல்லான ‘நம்’மைப் பாருங்கள். மோதிர விரல் கரணையின் ஓரத்தை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் மீட்டு என்னும் வெளிவட்டத் தோலில் விழுந்த கணத்திலேயே எழும்ப வேண்டும். சரியாக விழுந்தால் மணி போன்ற சுரம் நீண்டு நிற்கும். மோதிர விரல் சற்றே கூடுதலாக அழுத்தினாலும், அடித்த விரல் ஒரு நொடி தங்கினாலும், நாதம் செத்து ‘டக்’ என்று அடங்கிவிடும். ஆசிரியர் அருகில் இல்லாத வேளையிலும் தவறு எதுவென்று கருவியே சொல்லிவிடுகிறது.

கஞ்சிராவில் கரணை இல்லை, நிலையான சுருதியும் இல்லை. போதாக்குறைக்குச் சட்டத்தில் கோத்த சலங்கைக் காசுகள் எந்த அடிக்கும் கிலுங்குகின்றன. முதல் நாளே வாசிப்பதைப் போன்ற மகிழ்ச்சி கிடைப்பது உண்மைதான். ஆனால் தெளிவற்ற அடியையும் அந்தக் கிலுகிலுப்பு மூடிவிடுவதால், பிழை பல மாதங்கள் கையிலேயே தங்கிவிடும் அபாயம் உண்டு.

பராமரிப்பில் நிலைமை மாறுகிறது. மிருதங்கம் பல கிலோ கனக்கும் பலா மரம். வாசிக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தொப்பியின் நடுவில் அப்ப வேண்டும். அதிகமானால் நாதம் தொங்கிப் போகும், குறைந்தால் இறுகும், காய்ந்தால் உதிரும். வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டித் துடைக்க வேண்டும். தோல் வாரால் இழுத்துக் கட்டிய கருவியாக இருந்தால், கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கவே தனிப் பழக்கம் தேவை. ஆகவே தொடக்கத்தில் நட்டு, போல்ட் பொருத்தியதை வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை. கஞ்சிராவுக்கு வேண்டியது சில துளி நீர்தான். தோலின் உட்புறத்தில் தெளித்து விரல் நுனியால் பரப்பி, அது ஊறும்வரை காத்திருந்தால் நாதம் தாழ்ந்து கனம் பெறும். காயக் காய மறுபடி ஏறிவிடும். வாங்கும்போது ஆட்டுத் தோல் அல்லது செயற்கைத் தோல் இட்டதையே கேட்க வேண்டும். மரபாக உடும்புத் தோலே பயன்பட்டது என்றாலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உடும்பு காக்கப்படும் உயிரினம். அதன் தோலை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த பெருமை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைக்கு உரியது. அந்தப் பரம்பரையில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் தேர்ந்தவர். மிருதங்கத்தில் ஊன்றிய கை கஞ்சிராவுக்குச் செல்லும் வழியை மரபு நன்றாக அறியும். பாடங்களும், மோரா, கோர்வை எனப்படும் முடிப்புக்கான தாளக் கோவைகளும் பெரும்பாலும் மிருதங்கச் சொற்களிலேயே கற்பிக்கப்படுவதால், அந்த வழியில் செல்பவர் எதையும் மறந்து புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. எதிர்த்திசையில் செல்பவருக்கோ கருவியைத் தாங்கிப் பழகிய கை தொப்பிக்குப் புதிதாகப் பழக வேண்டும். அதுவே ஓராண்டைத் தின்றுவிடும்.

ஆகவே என் தெரிவு மிருதங்கம். ஆனாலும் சப்பணமிட்டு ஒரு மணி நேரம் உட்கார முழங்கால் இடம் தராதவரையும், அடிக்கடி ஊர் மாறும் வேலையில் இருப்பவரையும் இதற்காகக் கற்காமலே இருந்துவிடச் சொல்ல மாட்டேன். அவர்கள் கஞ்சிராவிலேயே தொடங்கலாம். கற்பிப்பவர் மிருதங்கமும் அறிந்தவராக இருந்தால் நல்லது. ஒவ்வொரு பாடத்தையும் கையில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் மூன்று காலத்திலும் சொல்ல முடிந்த பிறகே தோலைத் தொட வேண்டும். முதல் சில மாதங்களுக்குச் சலங்கைத் துளையில் ஒரு துண்டுத் துணியைச் செருகிக் காசுகளை அடக்கிவிட்டு, தோலின் ஓசை மட்டும் காதில் விழும்படி சாதகம் செய்ய வேண்டும்.