இரண்டு வயதுக் குழந்தை தனியாக அமெரிக்கா போகிறதாம்

மகளைத் தத்தெடுத்து அழைத்து வர அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போயிருந்தோம். காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையம்), கலெக்டர், பாஸ்போர்ட், விசா என்று எழுத நிறைய இருக்கிறது. அதில் முக்கால்வாசி ஒழுங்காகவே நடந்ததால் விட்டுவிடுகிறேன். என் ரத்த அழுத்தத்தை ஏற்றியது ஒரே ஒரு விமான டிக்கெட். அதுவும் ஒருவழி டிக்கெட்.

இந்தப் பயணத்தில் போகும் தேதியை நாம் முடிவு செய்யலாம். திரும்பும் தேதி யார் கையிலும் இல்லை. நானும் மனைவியும் அமெரிக்கக் குடிமக்கள், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள். எங்களுக்கு, நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தப்படிதான் வழி. அங்கே அமெரிக்கக் குடிவரவுத் துறையின் ஐ-800ஏ, ஐ-800 ஒப்புதல்கள், இங்கே காராவின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), அப்புறம் தத்தெடுப்பு ஆணை. அந்த ஆணையைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழ், அதைக் காட்டிப் பாஸ்போர்ட், எல்லாம் ஹேக் விதிப்படி நடந்தது என்ற காராவின் இணக்கச் சான்று, எல்லாம் சேர்ந்த பிறகு டில்லியில் தத்தெடுத்த குழந்தைக்கான ஐ.எச்-3 விசா. ஒன்று நகர்ந்தால்தான் அடுத்தது நகரும். முன்பு ஆணைக்காகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே தருகிறார். பாஸ்போர்ட் கதையும் மாறிவிட்டது. சென்னை ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் விடியற்காலையில் வரிசை பிடித்த தலைமுறைக்கு, இப்போது சேவா கேந்திராவில் டோக்கன் எண் பார்த்து எழுந்து போவது நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். தத்தெடுத்த குழந்தைக்குப் பத்து நாளில் பாஸ்போர்ட் தர வேண்டும் என்று தத்தெடுப்பு விதிமுறையே சொல்கிறது. தந்துவிட்டார்கள்.

சரி, டிக்கெட்டுக்கு வருகிறேன்.

மகள் தத்தெடுப்பு மையத்துக்கு எப்படி வந்தாள் என்பது அவளுடைய கதை, அதை இங்கே எழுத மாட்டேன். டிக்கெட்டுக்குத் தேவையானது இவ்வளவுதான்: அவள் பிறந்த நாள் எது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இப்படி வரும் குழந்தைகளுக்கு மருத்துவர் பல், எடை, உயரம் பார்த்து வயதைக் கணிக்கிறார், அதை ஒட்டி ஒரு தேதி பதிவாகிறது. ஆணையிலும் பிறப்புச் சான்றிதழிலும் அதே தேதிதான். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உத்தேசமாகக் குறித்த அந்தத் தேதியை விமான நிறுவனத்தின் கணினி வேத வாக்காக எடுத்துக்கொள்கிறது. இரண்டு வயது நிறையாவிட்டால் மடியில் வைத்துக்கொள்ளலாம், சர்வதேசப் பயணத்தில் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு போல வரும். நிறைந்துவிட்டால் தனி இருக்கை, பெரும்பாலான நிறுவனங்களில் முக்கால் பங்கு கட்டணம். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையிலும் அதே கோடுதான். இரண்டு வயது ஆகிவிட்டால் காசநோய்க்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் கணக்குப்படி பிறந்த நாளுக்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும். ஒரு சான்றிதழில் என் மனைவியின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அந்த ஓர் எழுத்தைச் சேர்க்க, மனு, நகல், கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில், திரும்பி வந்தவர் மீட்டிங்கில். அமெரிக்காவில் இதையே இணையத்தில் திருத்தியிருப்பேன் என்று மனைவியிடம் புலம்பினேன். அங்கே கார் பதிவில் தப்பாக விழுந்த என் பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று அவள் நினைவூட்டினாள். அதற்குள் தேதி தாண்டிவிட்டது. குழந்தை கையிலிருந்து ரத்தம் எடுத்தபோது அவளைவிட அதிகம் அழுதது நாங்கள்தான்.

எங்கள் இருவருக்கும் ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது. பணம் கட்டித் தேதியை மாற்றிக்கொண்டோம், அதில் சிக்கல் இல்லை. அதே விமானத்தில் மகளுக்கு ஓர் இருக்கை வாங்க வேண்டும், அவ்வளவுதான். இணையதளத்தில் ‘குழந்தை: 1’ என்று போட்டால், பெரியவர் இல்லாமல் முன்பதிவு செய்ய முடியாது என்கிறது. ‘பெரியவர்: 1’ என்றும் போட்டால் எனக்கு இன்னொரு டிக்கெட்டை என் தலையில் கட்டுகிறது. ஒரே விமானத்தில் நான் இரண்டு இருக்கையில் எப்படி உட்காருவது?

கால் சென்டரைக் கூப்பிட்டேன். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு அந்தப் பையன் சொன்னான்: “சார், அன்அக்கம்பனீட் மைனர் சேவைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும்.” பெரியவர் துணையில்லாமல் பறக்கும் குழந்தைக்கான சேவை அது.

“தம்பி, அவ தனியாப் போகல. நானும் அவ அம்மாவும் அதே ஃப்ளைட்ல போறோம்.”

“ஆனால் உங்கள் பி.என்.ஆரில் குழந்தை இல்லையே சார்.”

“அதனாலதானே கூப்பிடறேன். சேருங்க.”

“பாதி பயணம் முடிந்த டிக்கெட்டில் புதிய பயணியைச் சேர்க்க முடியாது சார். அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போதே சேர்த்திருக்க வேண்டும்.”

கிளம்பும்போது அவள் எங்கள் மகளே இல்லையே என்றேன். ஹோல்டில் போட்டான். இரவு பதினோரு மணிக்கு மேல் மனைவி அமெரிக்க எண்ணைக் கூப்பிட்டாள். அங்கே இருந்த பெண்மணிக்கு மரியாதை வழிந்தது. வாழ்த்து சொன்னாள், எங்கள் நிலைமை நன்றாகப் புரிகிறது என்றாள், புரிந்த பிறகு அதே பதிலைச் சொன்னாள். கூடவே ஒரு கேஸ் எண் கொடுத்தாள். அதை வைத்து என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் என் சித்தப்பாதான், “எழும்பூர்ல நம்ம பாய் இருக்காரே, அவர்ட்ட போகலையா?” என்றார். டிராவல் ஏஜென்ட் என்ற ஒருவர் இன்னும் இருக்கிறார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சிவப்பு கார்பன் படிந்த டிக்கெட் புத்தகமும், கிளம்ப 72 மணி நேரம் இருக்கும்போது ‘ரீகன்ஃபர்ம்’ பண்ண ஓடியதும் ஞாபகம் இருப்பவர்களுக்கு அந்தக் கடை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாடிப்படி, உம்ரா பேக்கேஜ் போஸ்டர், பழைய காலண்டர். மாறியிருந்தது கணினித் திரை மட்டும்தான். அதிலும் கறுப்புப் பின்னணியில் வெறும் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

பாய் பாதிக் கதையிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். “உங்க பி.என்.ஆர். சொல்லுங்க தம்பி. பிள்ளை பாஸ்போர்ட் குடுங்க.” குழந்தைக்குத் தனியாக ஒரு முன்பதிவு போட்டார். அதில் ஒரு ரிமார்க் வரி அடித்தார்: இந்தப் பயணி இன்ன பி.என்.ஆரில் உள்ள பெற்றோருடன் பயணம் செய்கிறாள். எங்கள் முன்பதிவிலும் அதே மாதிரி குறிப்பு ஏற வேண்டும் என்று விமான நிறுவனத்தின் ஏஜென்ட் டெஸ்க்குக்குப் போன் போட்டு, முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார். டீ வருவதற்குள் டிக்கெட் வந்துவிட்டது.

“இதப் போயி பெரிசா நினைக்கிறீங்களே. உம்ரா போற குடும்பத்துல எட்டுப் பேருக்கு நாலு பி.என்.ஆர். இருக்கும், பிள்ளைங்க ஒண்ணுல, தாத்தா பாட்டி ஒண்ணுல. தினம் போடறதுதான்.”

கேட்ட கமிஷன் மிகக் குறைவு. கூடக் கொடுத்ததை வாங்கவில்லை. நான் இருக்கும் நாட்டில் டிராவல் ஏஜென்ட்டை ஒழித்துவிட்டு எல்லாரும் ஆளுக்கொரு செயலியோடு மல்லுக்கட்டுகிறோம். இங்கேயும் அந்தத் திசையில்தான் போகிறார்கள். சித்தப்பா பையனே, “பாய்ட்டயா போனீங்க, ஆப்ல போட்டிருக்கலாமே” என்று சிரித்தான். அவனையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். ‘பெரியவர்: 1’ வரைக்கும் போய்த் திரும்பிவிட்டான்.

பாயாலும் முடியாதது ஒன்று உண்டு. இரண்டு முன்பதிவு என்பதால் இருக்கைகள் பிரிந்துவிட்டன: எங்களுக்கு 28ஆவது வரிசை, மகளுக்கு 41. டில்லி செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள், “இவங்களா 41?” என்று கேட்டபடியே மாற்றிக் கொடுத்துவிட்டாள். கேஸ் எண் கேட்கவில்லை.

அடுத்துப் போகிறவர்களுக்கு: தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டே வாங்குங்கள். விசா டில்லியில்தான், ஆகவே திரும்புவதை அங்கிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வருமுன் குழந்தைக்கு டிக்கெட் போடாதீர்கள். மையத்தில் கூப்பிட்ட பெயர் வேறாகவும் ஆணையில் உள்ள பெயர் வேறாகவும் இருக்கலாம். பாஸ்போர்ட் படிவத்தில் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள். இனிஷியல் போதும் என்று ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்பது, விசாவில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்ற முதல் பெயரோடு வந்து இறங்கிய நம் ஆட்களுக்குத் தெரியும். இரண்டு வயதை ஒட்டிய குழந்தை என்றால் மடி டிக்கெட் கணக்கே வேண்டாம், முதலிலேயே தனி இருக்கைக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.