முதியோர் செவிலிய மேற்படிப்பு: 1,35,000 ரூபாய் கட்டி நான் வாங்கிய செல்லாத சான்றிதழ்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பணிபுரியும் செவிலியர்கள், அதிலும் மதிப்பெண் போதாமல் எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர முடியாமல் வேறு வழி தேடிக்கொண்டிருப்பவர்கள், எங்கேனும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் ஏமாந்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. என் புகார் விசாரணையில் இருக்கிறது. ஆனால் அவர்கள் பின்பற்றிய முறை ஒரு நிறுவனத்தோடு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, 2017 முதல் தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் ஓசூரிலோ பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். ஊரில் தனியாக இருந்த அம்மாவோ அப்பாவோ விழுந்து கிடந்ததை அக்கம்பக்கத்தார் பார்த்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பென்னாகரம் பக்கத்திலிருந்து இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு பெரியவர், அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் இரவு, யாரோ மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகிறார்கள் என்று கத்தி, சிரைக்குள் போட்டிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தார். பகலில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர் அவர். வயதானதால் புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணி, மற்றொரு சிஸ்டருடன் சேர்ந்து அவருடைய கைகளைக் கட்டிலோடு கட்டினேன். காலையில் பார்த்தபோது சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, அவருடைய அடிவயிறு உப்பியிருந்தது. குழாயை மாற்றிய சில மணி நேரத்தில் அவர் பழையபடி பேசினார். அது டெலீரியம் எனப்படும் திடீர்க் குழப்பநிலை என்பதையும், வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தொற்று, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று அதற்கு ஒரு காரணம் பெரும்பாலும் இருக்கும் என்பதையும், கைகளைக் கட்டுவது அதை இன்னும் மோசமாக்கும் என்பதையும் பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். முதியோர் பராமரிப்பை முறையாகப் படித்தாக வேண்டும் என்று நான் முடிவெடுத்தது அந்தக் காலையில்தான்.

எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர பி.எஸ்சி. நர்சிங்கில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண்ணும் ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. எனக்கு 53 சதவீதம். இரண்டு சதவீதத்தில் கதவு மூடிவிட்டதே என்ற வருத்தத்தில் இருந்தபோது, 2024 மே மாதத்தில் செவிலியர்களுக்கான ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்த விளம்பரம் வந்தது. "முதியோர் செவிலியத்தில் பி.ஜி. டிப்ளமோ, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு, மதிப்பெண் தடையில்லை, எம்.எஸ்சி.க்கு இணையானது, ஜெர்மனி, ஜப்பான் வேலைக்கு உகந்தது" என்று அதில் இருந்தது. தொலைபேசியில் பேசியவர் பொறுமையாகவும் மரியாதையாகவும் பேசினார். "சிஸ்டர், வேலையை விட வேண்டாம், லீவு எடுக்க வேண்டாம், ஒரே வருஷத்தில் கவுன்சிலில் பதிவு செய்து தருகிறோம்" என்றார். நம்பினேன்.

இந்த இடத்தில் பெயர்களைத் தெளிவுபடுத்துவது அவசியம், ஏனெனில் ஏமாற்று முழுவதும் பெயர்களுக்கு இடையிலுள்ள ஒற்றுமையில்தான் இருக்கிறது. முதியோர் செவிலியத்தில் உண்மையான படிப்பு ஒன்று உண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டம் வகுத்திருக்கும் அது "போஸ்ட் பேசிக் டிப்ளமோ" என்ற வகையைச் சேர்ந்தது, ஓராண்டுக் காலம், பதிவு பெற்ற செவிலியராக ஓராண்டு பணியாற்றியவர்கள் சேரலாம், மருத்துவமனையோடு இணைந்து, நோயாளிகளின் படுக்கையருகே நேரம் செலவிட்டுப் படிப்பது. எம்.எஸ்சி. நர்சிங் என்பது வேறு. அது இரண்டாண்டு முழுநேரப் படிப்பு, ஆய்வேடு உண்டு. மருத்துவ அறுவைச் செவிலியம், சமூக நலச் செவிலியம், குழந்தைகள் நலச் செவிலியம், மகப்பேறு மற்றும் பெண்கள் நலச் செவிலியம், மனநலச் செவிலியம் ஆகியவையே அதன் வழக்கமான சிறப்புப் பிரிவுகள். முதியோர் பராமரிப்பு இவற்றுள் தனிப் பிரிவாக இல்லாமல், முதலிரண்டு பிரிவுகளுக்குள் அடங்கி வருகிறது. "போஸ்ட் பேசிக்" என்பதை எடுத்துவிட்டு "பி.ஜி." என்று போட்டால் முதுநிலைப் பட்டம் போல ஒலிக்கும், ஓராண்டு என்பதும் சரியாகப் பொருந்தும். கவுன்சிலின் பாடத்திட்டத்தை அச்செடுத்து அதன் மேல் தங்கள் முத்திரையை வைத்திருந்தார்கள் என்பதை மிகவும் பிந்தித்தான் கண்டுகொண்டேன்.

கட்டணம் மூன்று தவணைகளில் மொத்தம் 1,35,000 ரூபாய். முதல் தவணைக்காக ஐந்து பவுன் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்தேன். ரசீது கல்லூரியின் பெயரில் இல்லை, ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருந்தது. படிப்பின் பெயர் எங்குமே இல்லை, "சேவைக் கட்டணம்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கேட்டதற்கு வரி விலக்குக்காக என்றார்கள். அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, சரிபார்ப்புக்கு என்று அவர்கள் கேட்ட அசல் மதிப்பெண் பட்டியல்களையும் கவுன்சில் பதிவுச் சான்றிதழையும் கொடுத்துவிட்டு வந்தேன். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. பல்கலைக்கழகங்களே செய்யக் கூடாததை ஒரு மாடியறை அலுவலகம் செய்தது. மூன்றாம் தவணையைக் கட்டிய பிறகுதான் அவை எனக்குத் திரும்பக் கிடைத்தன.

வகுப்பில் நாங்கள் 22 பேர். பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம் எனப் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். இரவுப் பணி முடித்து நேராக வந்து கண் எரிய உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. முதல் சில வாரங்கள் ஒருவர் வந்து திரையில் இருந்ததை வாசித்தார். அவர் செவிலியரும் அல்லர், மருத்துவரும் அல்லர். விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களுக்கு உணவு கொடுப்பது பற்றிய பாடத்தில் ரொட்டியையும் சூப்பையும் பற்றியே படித்துக்கொண்டு போனார். எங்கள் ஊரில் பக்கவாதம் வந்த பெரியவருக்கு வீட்டில் கொடுப்பது கேழ்வரகுக் களி. அதை மெல்லாமல் அப்படியே விழுங்குவதுதான் வழக்கம். அப்படிப்பட்டவருக்குக் களியைக் குழைத்துக் கரைக்க வேண்டுமா, எந்தப் பதத்தில் கொடுத்தால் புரையேறாது, எந்த நிலையில் உட்கார வைக்க வேண்டும் என்று ஒரு தோழி கேட்டாள். தருமபுரியில் முதியோர் பராமரிப்பைக் கற்பிப்பவர் எவரும் கேட்டு மகிழ வேண்டிய கேள்வி அது. "அது சிலபஸில் இல்லை" என்று பதில் வந்தது. நான்காம் மாதத்திலிருந்து நேரடி வகுப்பும் நின்று, பதிவு செய்த காணொளிகளின் இணைப்புகள் மட்டும் வந்தன.

செய்முறைப் பயிற்சி என்று ஒரே ஒரு நாள் ஒரு முதியோர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார்கள். வெள்ளைக் கோட்டு அணிந்து, ரத்த அழுத்தம் பார்ப்பது போலவும், கை பிடித்து நடக்க வைப்பது போலவும் படம் எடுத்தார்கள். ஒரு பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் எப்போ வருவே, கண்ணு?" என்று கேட்டார். அவருடைய குதிகாலில் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காத ஒரு தடம் இருந்தது; படுக்கைப்புண்ணின் முதல் நிலை அது. அங்கிருந்த பணிப்பெண்ணிடம் குதிகாலைத் தரையிலோ மெத்தையிலோ படாமல் தலையணை வைத்துத் தூக்கி வைக்கும்படி சொல்லிக்கொண்டிருந்தபோதே, வேன் புறப்படுகிறது என்று கூப்பிட்டார்கள். அந்தப் படங்கள்தாம் அடுத்த ஆண்டு விளம்பரத்தில் வந்தன.

இவை எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது லாக் புக், அதாவது செய்முறைப் பயிற்சியில் செய்தவற்றை எழுதி வைக்கும் பதிவேடு. தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு ஆளுக்கொரு தடித்த நோட்டைக் கொடுத்து, நாங்களே நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள். பிரேடன் அளவுகோலில் இத்தனை நோயாளிகளின் படுக்கைப்புண் அபாயத்தை மதிப்பிட்டதாக, பார்தெல் குறியீட்டில் இத்தனை பேரின் அன்றாடச் செயல்திறனை அளந்ததாக, மறதி நோய் உள்ள இத்தனை பேரின் குடும்பத்தாருக்கு ஆலோசனை சொன்னதாகக் கற்பனைப் பெயர்களுடன் எழுத வேண்டும். பிரேடன் அளவுகோலில் உணர்திறன், ஈரப்பதம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என ஆறு கூறுகள். மொத்த மதிப்பெண் 6 முதல் 23 வரை. குறையக் குறைய அபாயம் அதிகம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஒருவரை எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, எந்த மெத்தை தருவது என்பதெல்லாம் முடிவாகும். நான் இரண்டு பக்கங்கள் எழுதினேன். அதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் பக்கத்தில் "கட்டு மாற்றப்பட்டது, புண் ஆறி வருகிறது" என்று எழுதும்போது, இல்லாத ஒரு முதியவரின் இல்லாத புண்ணை ஆற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. அத்தோடு நிறுத்திவிட்டேன். நோட்டைப் பாதியில் கொடுத்த எனக்கும் சான்றிதழ் வந்தது, அதுவும் முதல் வகுப்பில்.

2025 ஆகஸ்டில் அதை எடுத்துக்கொண்டு, கூடுதல் தகுதியாகப் பதிவு செய்வதற்காகச் சென்னையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலுக்குச் சென்றேன். அங்கிருந்த அலுவலர் கடுமையாகப் பேசவில்லை. இந்தப் படிப்பும் இல்லை, இந்த நிறுவனமும் பட்டியலில் இல்லை, பதிவு செய்ய இயலாது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். சேருவதற்கு முன் ஒரு நாள் விடுப்பு எடுத்து இதே மேசைக்கு வந்திருந்தால் பேருந்துக் கட்டணத்தோடு முடிந்திருக்கும்.

ஆகவே சேர நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். படிப்பின் முழுப் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எழுதி, அதைப் பதிவு செய்வீர்களா என்று மாநில கவுன்சிலிடம் எழுத்துமூலம் கேளுங்கள். நிறுவனம் காட்டும் கடிதத்தை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் மாநிலவாரியாக, படிப்புவாரியாகக் கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. எம்.எஸ்சி. என்று சொன்னால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் செவிலியர் கல்லூரிகள் பெரும்பாலும் சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, அந்த இணைப்பைப் பல்கலைக்கழகத்திடமே சரிபார்க்கலாம். எந்த மருத்துவமனையில், எந்த வார்டில், எத்தனை மணி நேரம் பயிற்சி, யார் மேற்பார்வை என்று கேட்கும்போது எதிரில் இருப்பவர் பேச்சை வெளிநாட்டு வேலைக்கு மாற்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டு வேலைக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அதற்கும் இந்த டிப்ளமோவுக்கும் தொடர்பில்லை.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராசன் 1978-இல் முதியோருக்கென்று புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கியதும், கிண்டியில் 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டதும் நம் மாநிலத்தில்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில். வீட்டோடு முடங்கிய முதியவர்களிடம் மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் கொண்டுபோகும் திட்டம் அது. இத்தகைய பணிக்கு இந்த மாவட்டங்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தேவையைத்தான் அவர்கள் விற்கிறார்கள். என்னோடு படித்த இருவர் அந்தச் சான்றிதழைக் காட்டி முதியோர் பராமரிப்பு நிபுணர்கள் என்ற பெயரில் வீடுகளுக்கு ஹோம் நர்ஸாக அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் கட்டிலில் கிடக்கும் அந்தப் பெரியவர்களை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிய பிறகு, நிறுவனம் 40,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதித் தரச் சொன்னது. பணத்தை வாங்கிக்கொண்டேன், கையெழுத்துப் போடவில்லை. மீதிக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட தொகை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமலும் மனு செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழிமுறையைத் தமிழிலேயே கேட்டறியலாம்.

என்னோடு அந்த வகுப்பில் இருந்த மற்றவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. "சேவைக் கட்டணம்" என்று எழுதிய மூன்று ரசீதுகளையும், அந்த வாட்ஸ்அப் விளம்பரத்தையும், லாக் புக்கை நாமே நிரப்பச் சொல்லி வந்த குரல் பதிவையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். என்னிடம் குரல் பதிவு இல்லை. கைப்பேசி மாற்றியபோது போய்விட்டது. உங்களில் ஒருவரிடமாவது அது இருக்கும்.