புதுச்சேரியில் தினமும் சைக்கிள்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

முத்தியால்பேட்டையிலிருந்து முதலியார்பேட்டைக்குப் பல வருடங்களாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். மேடு பள்ளம் அதிகமில்லாத ஊர், தூரமும் குறைவு. வெயிலைக்கூடச் சமாளித்துவிடலாம். சாலையின் இடது ஓரத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. அதனால்தான் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்கிறேன்.

நிறுத்திய கார், பழ வண்டி, குவிந்த மணல், சாலை மட்டத்துக்கு மேலே துருத்தி நிற்கும் பாதாளச் சாக்கடை மூடி, எல்லாம் அங்கேதான். கடலூர் சாலையில் பஸ் என்னை முந்திக்கொண்டு வந்து, நிறுத்தத்துக்காகச் சட்டென்று இடப்பக்கம் ஒடிக்கும். பஸ்ஸின் தகடு தோளிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உரசுவதுபோல் வரும். பிரேக் பிடித்து நின்று, பிறகு பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் ஏற வேண்டும். அங்கேயோ பின்னாலிருந்து பைக்குகள் பறந்து வரும்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள்: சின்னப் பிள்ளைகள் துணையில்லாமல் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பெற்றோர் நிம்மதியாகப் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். அதே பிள்ளையை மறுநாள் காலை நேரு வீதி வழியாகத் தனியே பள்ளிக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆரோவில்லின் செம்மண் சைக்கிள் பாதைகள் மழையில் சேறாகிவிடும். ஆனாலும் பஸ் பயமின்றி ஓட்டலாம்.

தனிப் பாதைக்கு வெள்ளைக்கோடு போட்டுச் சைக்கிள் படம் வரைந்தால் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரே வாரத்தில் அது பார்க்கிங் ஆகிவிடும். உயரமான தடுப்புக்கட்டை வேண்டும். பஸ் நிறுத்தங்களில் பாதை நிழற்குடைக்குப் பின்னால் திரும்ப வேண்டும்.

இடமில்லை என்பார்கள். ஸ்பெயினின் செவில் நகரம் 2006 தொடங்கி 2010-க்குள் சுமார் 120 கிலோமீட்டருக்குத் தனிப் பாதை அமைத்தது. பல இடங்களில் கார் நிறுத்துமிடங்களை எடுத்துத்தான் அதைச் செய்தது. பிரெஞ்சுப் பகுதியின் குறுகிய வீதிகளுக்குத் தனிப் பாதையே தேவையில்லை, வண்டிகளின் வேகத்தைக் குறைத்தால் போதும்.

கடலூர் சாலையில் தொடங்கட்டும். பாதையின் அகலம் 2 மீட்டராவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டியைத் தாண்டிப் போக முடியாது.