டேப்பட் சத்தமா, லீக்கா? மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்புடன் மூன்று ஆண்டுகள்

என்னுடையது 2006 மாடல் பெட்ரோல் கார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் வேகம் பிடிக்கும். ஐந்தாறு நிமிடம் ஓடி இன்ஜின் சூடானால் காணாமல் போகும். மறுநாள் காலை திரும்ப வந்துவிடும். ஆயில் அளவு சரியாகவே இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் டேப்பட்டை, அதாவது வால்வைத் தள்ளும் பாகத்தின் இடைவெளியை, அட்ஜஸ்ட் செய்து கொடுத்தார்கள். சத்தம் போகவில்லை. அடுத்து, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கிப் பார்த்துவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் இந்த ஸ்டெதஸ்கோப்பை வாங்கினேன்.

பார்க்க டாக்டர் வைத்திருப்பது போலவேதான் இருக்கும். மார்பில் வைக்கும் வட்டத்துக்குப் பதிலாக ஒரு மெல்லிய இரும்புக் கம்பி, அவ்வளவுதான்.

முதல் வாரம் ஒன்றுமே புரியவில்லை. எங்கே வைத்தாலும் சத்தம் கேட்டது, ஏனென்றால் இரும்பு வழியாகச் சத்தம் எங்கும் பாயும். அப்புறம் ஒரு நண்பரின் நல்ல நிலையில் இருந்த காரில் அரை மணி நேரம் வைத்துக் கேட்டேன். சரியான இன்ஜின் எப்படிப் பேசும் என்பது காதில் ஏறிய பிறகுதான் என் காரின் குறை தனியாகத் தெரிந்தது. இந்தக் கருவி வாங்குகிறவர்கள் இதை முதலில் செய்யுங்கள்.

தாளத்தை வைத்தும் பார்த்தேன். ஐடிலிங் 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) என்றால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் அதில் பாதி, 400 சுற்றுதான். ஒரு வால்வு அடித்தால் நொடிக்கு ஆறேழு டிக். அடிப்பக்கம், பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு தட்டினால் அதைப்போல இரண்டு மடங்கு. என் காரில் கேட்டது பாதி வேகத் தாளம். அதனால் நானும் டேப்பட்தான் என்றே நம்பினேன். ஆனால் ஹெட் கவரின் மேல் கம்பியை நகர்த்தி நகர்த்தி வைத்தாலும் எந்த இடத்திலும் சத்தம் கூர்மையாகவில்லை.

அப்போது கம்பியைக் கழற்றிவிட்டு வெறும் ரப்பர் குழாயை மட்டும், சிலிண்டர்களின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓரமாகக் கொண்டுபோனேன். இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருந்தது. மூன்றாவது சிலிண்டர் பக்கம் போனதும் 'டிக்' என்பது 'ப்ஸ்க், ப்ஸ்க்' ஆகிவிட்டது. காற்று! டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் விளிம்பில் விரல் நகம் அளவுக்குக் கரி. பக்கத்திலேயே அதை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் (திருகு) ஒன்று முறிந்து கிடந்தது. எக்ஸாஸ்ட் வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதானே திறக்கிறது, அதனால்தான் தாளம் டேப்பட் மாதிரியே கேட்டிருக்கிறது. மேனிஃபோல்டு சூடேறி விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்ளும், சத்தமும் நின்றுவிடும். கேஸ்கெட்டும் ஸ்டட்டும் மாற்றினோம். ஹெட்டைத் தொடவே இல்லை. அன்று பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் கெட்டுப்போன பேரிங் ஒன்றையும் இதை வைத்தே கண்டுபிடித்தேன். பெல்ட்டைக் கழற்றிச் சில நொடிகள் மட்டும் ஓட்டியபோது சத்தம் நின்றது, அதில் உறுதியானது. பல இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் நீண்ட நேரம் அப்படி ஓட்டக்கூடாது.

குறை என்றால், லோடில் மட்டும் வரும் சத்தத்துக்கு இது உதவாது. மேடு ஏறும்போது மட்டும் கேட்பதை, நின்றுகொண்டு பானெட்டைத் திறந்து எப்படிக் கேட்பது? காதில் மாட்டும் ரப்பர் முனைகளும் இரண்டாம் ஆண்டே கெட்டியாகிவிட்டன, மாற்றிக்கொண்டேன். தொங்கும் சட்டைக் கையோடு ஓடும் பெல்ட் பக்கம் குனியவே கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுழலத் தொடங்கும்.

மெக்கானிக்கிடம் இப்போதும் போகிறேன். ஆனால் "ஏதோ சத்தம் வருகிறது" என்று சொல்வதில்லை. குளிரிலா சூட்டிலா, என்ன வேகத்தில், எந்தப் பக்கம் என்று எழுதியே எடுத்துப் போகிறேன். அவரும் நேராக அந்த இடத்தில் கை வைக்கிறார்.