சிரை இரத்தமா, தமனி இரத்தமா: இரத்த வாயுப் பரிசோதனைக்கு எது போதும்?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி போன்ற ஊர்களின் மருத்துவமனைகளுக்கு, சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி வாந்தியும் மூச்சிரைப்புமாக வந்து சேரும் ஒருவரின் இரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறதா என்று இரத்த வாயுப் பரிசோதனை மூலம் அறிய, மணிக்கட்டுத் தமனியில் குத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. சலைன் ஏற்றச் சிரையில் ஊசி போடும்போதே எடுக்கும் இரத்தம் பெரும்பாலும் போதும். அமிலத்தன்மையைக் காட்டும் அதன் பிஎச் அளவு தமனி இரத்தத்தைவிடச் சுமார் 0.03 மட்டுமே குறைவு. இந்த வேறுபாடு இன்சுலின் சிகிச்சையை மாற்றுவதில்லை.

கரியமில வாயுவில்தான் கவனம் தேவை. சிரையில் அதன் அழுத்தம் சராசரியாக 4 முதல் 6 மி.மீ. பாதரசம் வரை கூடுதல் என்றாலும், ஆளுக்கு ஆள் அது பெரிதும் மாறுவதால், சிரை அளவிலிருந்து கழித்துத் தமனி அளவைக் கணக்கிடுவது ஆபத்தானது. சிரையில் 45-க்குக் கீழே இருந்தால் வாயு தேங்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். மேலே போனால் தமனியில் எடுத்துப் பார்ப்பதே முறை.

ஆக்சிஜனை அளக்கச் சிரை இரத்தம் உதவாது. பல நோயாளிகளுக்குப் பல்ஸ் ஆக்சிமீட்டர் அந்தக் குறையை ஈடுசெய்யும். ஆனால் பூச்சிமருந்து நஞ்சேறி வென்டிலேட்டரில் இருப்பவருக்கும், இரத்த அழுத்தம் வீழ்ந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கும் தமனிப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. அதிர்ச்சியில் சிரை அளவுக்கும் தமனி அளவுக்கும் உள்ள இடைவெளி விரிந்துவிடும்.

தமனிக் குத்தல் கடுமையாக வலிக்கும். ஊசியை எடுத்தபின் சில நிமிடங்களாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். தேவையின்றி அந்த வலியைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது சரியல்ல என்பதே என் கருத்து. எதில் எடுத்தாலும், சிரையா தமனியா என்பதைச் சீட்டில் எழுதியே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.