அரசியல் குற்றத்துக்கு பொது மன்னிப்பு: ஆன்லைன் கோர்ஸ் பார்த்து முடிச்சதும் எழுதுறேன்

அரசியல் குற்றத்துல தண்டனை வாங்கினவங்களுக்கு பொது மன்னிப்பு எப்படி பொருந்தும், இத மட்டுமே எடுத்து நடத்துற கோர்ஸ், மொத்தம் ஆறு வீடியோ. நேத்து ராத்திரி தான் முடிச்சேன். சட்டம் படிக்காத எனக்கே புரிஞ்சுது, அதனால தைரியமா பாருங்கன்னு சொல்றேன்.

முதல் வீடியோலயே ஒரு தெளிவு கெடைச்சுது. நாம கருணை மனு, தண்டனைக் குறைப்பு, பொது மன்னிப்பு எல்லாத்தையும் மன்னிப்புன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு போயிடறோம், ஆனா உள்ள இருக்கிறவருக்கு இது மூணும் வேற வேற வாழ்க்கை. சாதாரண மன்னிப்புல தண்டனை போகும், குற்றவாளிங்கிற தீர்ப்பு பெரும்பாலும் அப்படியே நிக்கும். ஆம்னெஸ்டி, அதாவது பொது மன்னிப்பு, அந்தக் குற்றத்தையே சட்டத்தோட கண்ணுல இல்லாம ஆக்குறது. ஸ்பெயின்ல, தனி நாடு கேட்டு ஓட்டெடுப்பு நடத்தி தண்டனை வாங்கின கட்டலோனியா தலைவர்கள் 9 பேருக்கு 2021 ஜூன்ல மன்னிப்பு கொடுத்தாங்க, ஜெயில விட்டு வந்துட்டாங்க, ஆனா பதவிக்கு வரக்கூடாதுங்கிற தடை போகல. அப்புறம் 2024ல ஆம்னெஸ்டி சட்டமே கொண்டு வந்தாங்க, அதுவும் அந்தத் தலைவர்கள் மேல இருந்த பொதுப்பண முறைகேட்டுக்கு பொருந்தாதுன்னு ஜூலை 1 அன்னிக்கே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

நாலாவது வீடியோ, தென்னாப்பிரிக்கா. இத நான் ரெண்டு தடவ பார்த்தேன். நிறவெறி ஆட்சி முடிஞ்சதும் அந்தக் காலத்து குற்றங்களுக்காக வந்த 1995 சட்டத்தோட 20வது பிரிவுல ஆம்னெஸ்டி கெடைச்சா, தண்டனை அனுபவிச்சிட்டு இருக்கிறவர உடனே விடணும், தீர்ப்பே நடக்கலன்னு எடுத்துக்கணும், ரெக்கார்டுல இருந்தும் போயிடும். ஆனா சும்மா கெடைக்காது, செஞ்சது அரசியல் நோக்கத்துக்காகன்னு காட்டணும், உண்மைய முழுசா சொல்லணும், சொந்த லாபத்துக்கோ தனிப்பட்ட பகைக்கோ செஞ்சிருந்தா கெடையாது. மனு போட்டவங்க 7,112 பேர், கெடைச்சது 849 பேருக்கு தான். வருத்தம் தெரிவிக்கணும்னு மட்டும் கண்டிஷன் இல்லையாம், அத கேட்டதும் வீடியோவ நிறுத்திட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

கோர்ஸ்ல குறைன்னா இங்க தான். ஆம்னெஸ்டி கெடைச்சவர் மேல பாதிக்கப்பட்ட குடும்பம் நஷ்டஈடு கேஸ் கூட போட முடியாது, அத எதிர்த்து, போலீஸ் காவல்ல அடிபட்டு செத்துப்போன கறுப்பின உரிமைப் போராளி ஸ்டீவ் பிகோவோட மனைவியும் இன்னும் சிலரும் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு போய் 1996ல தோத்தாங்க. இவ்ளோ பெரிய விஷயம், கோர்ஸ்ல ஒரே ஒரு வரி. பிகோ கேஸ் போலீஸ்காரங்க கேட்ட ஆம்னெஸ்டி 1999ல மறுக்கப்பட்டதையும் சொல்லியிருக்கணும், சொல்லல. வெளிய வர்றவர் பக்கம் எவ்வளவு நேரம் குடுத்தாங்களோ அதுல பாதியாவது அந்தக் குடும்பங்களுக்கு குடுத்திருக்கலாம்.

வட அயர்லாந்தையும் ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. 1998 சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஆயுதக் குழு கைதிகள விட்டது ஆம்னெஸ்டி இல்ல, லைசென்ஸ்ல, அதாவது நிபந்தனையோட விட்டது, தீர்ப்பு அப்படியே இருக்கு, நிபந்தனைய மீறினா திரும்ப உள்ள போகணும். எல்லாரும் குழம்புற எடம் இது தான்.

கடைசி வீடியோ நல்லாவே இருக்கு. அரசாங்கம் தன் ஆளுங்களுக்கு தானே ஆம்னெஸ்டி குடுத்துக்கிட்டா அது செல்லாதுன்னு 2001ல பெரு நாட்டு கேஸ்ல அமெரிக்க நாடுகளோட மனித உரிமை நீதிமன்றம் சொன்னத பொறுமையா விளக்குறாங்க.

தமிழ் சப்டைட்டில் பத்தி சொல்லியே ஆகணும். மன்னிப்பு, ஆம்னெஸ்டி ரெண்டுக்கும் "மன்னிப்பு"ன்னே போட்டு வச்சிருக்காங்க, முதல் வீடியோல சொல்லிக் குடுத்த வித்தியாசமே இதுல அடிபட்டு போகுது. மெயில் போட்டேன், ரெண்டாவது வீடியோல மட்டும் திருத்தியிருக்காங்க. மீதிக்கு அவங்க குடுக்கிற பிடிஎஃப்ப பக்கத்துல வச்சுக்கோங்க, அதுல வார்த்தை சரியா இருக்கு.